பட்டறையில் ஒரு ரோமக் காசு அடித்துப் பார்த்தேன்

முதல் காசில் ரோமப் பேரரசன் திபேரியஸுக்கு இரண்டு மூக்கு. முதல் அடி சரியாக விழவில்லையோ என்ற சந்தேகத்தில் இன்னொரு அடி போட்டேன், அதற்குள் வெள்ளி வில்லை அச்சுக்குள் ஒரு நூலளவு நகர்ந்திருக்கிறது. இரண்டு மாத மாலைப்பொழுதுகளைத் தின்ற அச்சிலிருந்து பிறந்த தலைச்சன் பிள்ளை இப்படி. நிஜ ரோமக் காசுகளிலும் இரட்டை அடி விழுந்த முகங்கள் உண்டு என்பதால் பெரிதாக வருத்தப்படவில்லை. நாள் முழுக்க அதையே அடித்தவனுக்குக்கூடக் கை நகர்ந்திருக்கிறது, எனக்கு நகர்ந்தால் என்ன.

நான் கோயம்புத்தூரில் ஒரு பிரஸ் டூல் பட்டறையில் டை, அதாவது அச்சு, செய்கிறவன். வாஷர், பிராக்கெட், மோட்டார் ஸ்டாம்பிங், இப்படித்தான் பிழைப்பு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமக் காசுகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது நம்ம வேலை. ஒரு டை, ஒரு பஞ்ச், நடுவில் ஒரு வில்லை. பிரஸ் மட்டும் இல்லை, அதற்குப் பதில் ஒருத்தன் கையில் சுத்தியல். சரி, நாமும் ஒன்று அடித்துப் பார்த்தால் என்ன?

எந்தக் காசு என்று யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரை ஒட்டிய வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலும் 1931இலும் ரோம வெள்ளிக்காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன. கொங்குப் பகுதியில் கிடைத்த இந்த வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை இரண்டே பேருடையவை, ஒன்று அகஸ்டஸ், இன்னொன்று திபேரியஸ். மேற்குக் கரையில் இறங்கிய சரக்கும் காசும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வந்தன என்பது தெரிந்த கதை. ஆனால் அதற்குப் பிறகு வந்த அரசர்களின் வெள்ளிக்காசு ஏன் இங்கே அவ்வளவாக வரவில்லை என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

திபேரியஸின் டெனாரியஸ், அதாவது ரோம வெள்ளிக்காசு, இப்படி இருக்கும். சுமார் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, நல்ல காசு என்றால் 3.7, 3.8 கிராம். முன்பக்கம் வலதுபக்கம் பார்க்கும் தலை, அதன்மேல் வாகைமாலை, மாலையைக் கட்டிய நாடா பிடரியில் தொங்கும். சுற்றிலும் 24 எழுத்து: டி, கேசர், டிவி, ஆக், எஃப், அகஸ்டஸ். தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன் திபேரியஸ் சீசர் அகஸ்டஸ் என்று பொருள். பின்பக்கம் நாற்காலியில் ஒரு பெண், ஒரு கையில் நீண்ட செங்கோல், மறு கையில் ஒலிவக் கிளை. சுற்றி 11 எழுத்து, 'பொந்திஃப் மாக்சிம்', அதாவது தலைமைப் பூசாரி. அந்தப் பெண் அமைதித் தெய்வம் என்பார்கள், திபேரியஸின் தாய் லிவியா என்பார்கள். பார்க்கிறவன் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் பெயர் போடாமல் விட்டார்கள் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு சங்கதி. உயிரோடு இருக்கும் ஒரு ரோமானியனின் முகம் ரோம நகரத்தின் காசில் வந்ததே கி.மு. 44இல், ஜூலியஸ் சீசர் விஷயத்தில்தான். அந்த மார்ச்சிலேயே ஆளை முடித்துவிட்டார்கள். அறுபது வருடம் கூட ஆகவில்லை, திபேரியஸ் காலத்தில் காசில் அரசன் முகம் இருப்பது சோற்றில் உப்பு மாதிரி ஆகிவிட்டது. அதுவும் இந்த ஆள் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டபோது, லுக்துனும் என்ற இன்றைய பிரான்ஸின் லியோன் நகரத்துக் கம்பட்டத்தில், அதாவது காசடிக்கும் சாலையில், பெரும்பாலும் இந்த ஒரே வடிவத்தையே அடித்துத் தள்ளினார்கள். நாற்காலிக் கால் சிலதில் வெறுங்கால், சிலதில் கடைசல் வேலை. காலுக்குக் கீழே கோடு சிலதில் ஒன்று, சிலதில் கூடுதல். அவ்வளவுதான் மாற்றம். பின்னால் வந்தவர்களைப் பாருங்கள்: நெர்வா படை தன் பக்கம் என்று காட்டக் கைகுலுக்கும் இரண்டு கைகளைப் போட்டான், ட்ரேஜன் தோற்றுப்போன டாக்கியா நாட்டான் ஒருவனை ஆயுதக் குவியல்மேல் குந்தவைத்துக் காட்டினான், ஹேட்ரியன் எகிப்து, ஆப்பிரிக்கா, ஹிஸ்பானியா என்று மாகாணங்களையே பெண்களாக்கிச் சாய்ந்து படுக்கவைத்தான். செய்தித்தாள் மாதிரி வாரம் ஒரு படம். திபேரியஸ் காசு அவற்றுக்கு முன்னால் சலிப்பு. ஆனால் வியாபாரிக்குச் சலிப்புதான் வேண்டும். பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டும், போன வருடம் வாங்கின அதே காசு மாதிரியே இருக்க வேண்டும். இதை நான் சொல்வது டை செய்கிறவனாக. ஒரே டிசைனை இருபது வருடம் ஓட்டுகிற வாடிக்கையாளர்தான் எங்களுக்கும் தங்கம்.

அச்சுக்கு ஓ.எச்.என்.எஸ். எஃகு எடுத்தேன், எண்ணெயில் தோய்த்து இறுக்கும் கருவி எஃகு, பட்டறையில் எப்போதும் கிடக்கும். ரோமானியர்கள் வெள்ளீயம் அதிகம் கலந்த வெண்கலத்திலும் இரும்பிலும் அச்சு செய்தார்கள். வெண்கலத்தில் முயலலாம் என்ற ஆசை இருந்தது, நேரம் இல்லை. எஃகை இளக்கிய நிலையிலேயே வாங்கியதால் சித்துளி ஏறியது. இரண்டு உருளை, 30 மில்லிமீட்டர் தடிமன். ஒன்று கீழே பட்டறைக்கல்லில் பதிக்க, அதில் முகம். இன்னொன்று கையில் பிடிக்கிற மேல் அச்சு, அதில் நாற்காலிப் பெண்.

முகத்தைக் கீழே வைத்தது நான் கண்டுபிடித்தது இல்லை, ரோமானியரும் அப்படித்தான் வைத்தார்கள். சுத்தியல் நேராக விழுவது மேல் அச்சின் மண்டையில், அதனால் மேல் அச்சு சீக்கிரம் கெடும். பொதுவாகத் தலைப் பக்கத்து அச்சு ஒன்று ஓடி முடிவதற்குள் பின்பக்க அச்சு ஒன்றுக்கு மேல் மாறும். அரசன் முகத்தை வெட்டுவதுதான் கஷ்டமான வேலை, கஷ்டப்பட்டு வெட்டியதைக் காப்பாற்றக் கீழே வைத்தார்கள்.

கஷ்டம் என்றால் எந்த மாதிரி கஷ்டம் என்று சொல்கிறேன். எல்லாமே தலைகீழ். காசில் முகம் வலதுபக்கம் பார்க்க வேண்டும் என்றால் அச்சில் இடதுபக்கம். காசில் மேடாக இருப்பது அச்சில் பள்ளம், எனவே கன்னமும் காதும்தான் ஆகக் குழிவு. கண்ணுக்குத் தெரிவது குழி, மனசில் நினைக்க வேண்டியது மேடு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிளாஸ்டிசின் களிமண்ணை அழுத்தி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆள் வந்தான். முதலில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் ஜாடை, அப்புறம் தாடை கொஞ்சம் இறங்கியதும் ஏதோ பழைய பட வில்லன். முகத்தை முகமாக்குவது கண் என்று நினைத்திருந்தேன், இல்லை. மூக்கிலிருந்து மேலுதடு வரை உள்ள அந்தக் கோணம்தான். திபேரியஸுக்கு நெற்றியிலிருந்து கிட்டத்தட்ட நேராக இறங்கி நுனியில் கொஞ்சம் வளையும் மூக்கு, சின்ன வாய், முன்னால் துருத்தும் தாடை. இது மூன்றும் வந்தபிறகு கண்ணை எப்படி வைத்தாலும் அவன்தான். ஆட்சிக்கு வந்தபோதே ஐம்பது தாண்டியவன், காசிலோ கழுத்துச் சதை தொங்காத ஆள். 23 வருடமும் பெரிதாகக் கிழடு தட்டவில்லை. அரசாங்கப் புகைப்படக்காரர்கள் எல்லாக் காலத்திலும் ஒரே ஜாதி போலிருக்கிறது.

வாகைமாலை சுலபம், சித்துளியை ஒரே கோணத்தில் வைத்துத் தட்டித் தட்டி எடுத்தால் இலை இலையாக விழுந்துவிடும். எழுத்துதான் உயிரை எடுத்தது. காசில் எழுத்து வலஞ்சுழியாக ஓடும், அச்சில் இடஞ்சுழியாக, ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில் பார்த்தது போல. கண்ணாடி பிம்பத்தை அச்சடித்துப் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருந்தும் பின்பக்கத்தில் 'பொந்திஃப்' என்ற சொல்லின் 'என்' எழுத்தைத் திருப்பாமல் வெட்டிவிட்டேன். காசில் அது இடவலம் மாறி விழும். பழைய வெட்டாளர்கள் செய்த தப்புதான் அதுவும். இந்தியாவில் திபேரியஸ் காசைப் பார்த்து உள்ளூரில் அடித்த போலிகள் உண்டு. அவற்றில் சிலதில் லத்தீன் எழுத்து தெரியாத கை வெட்டியதால் எழுத்துகள் வெறும் குச்சியும் வளையமுமாகக் கிடக்கும், ஆனால் முகமும் நாற்காலியும் இருக்கும். படிக்கத் தெரியாதவன் வெட்டி, படிக்கத் தெரியாதவன் வாங்கி, காசு ஓடியிருக்கிறது. என் ஒற்றை 'என்' அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது என்று அப்படியே விட்டேன்.

கழுத்துக்குக் கீழே வெற்றிடத்தில் பொடியாக ஒரு 'ந' வெட்டிவைத்தேன், நகல் என்பதற்கு. இந்த மாதிரி வேலை செய்கிற யாராக இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள், தேய்த்தாலும் போகாத இடத்தில். நாளைக்கு என் பேரன் இதை யாரிடமாவது அசல் என்று விற்றுத் தொலைக்கக் கூடாது.

அச்சுகளைச் செர்ரிச் சிவப்புக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு 200 டிகிரியில் ஒரு மணி நேரம் இளக்கினேன். எங்கள் தினசரி வேலை, இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

வில்லை செய்வதற்கு ராஜ வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் பொற்கொல்லர் ஒருவர் இடம் கொடுத்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தூய வெள்ளியை நாலு கிராம் அளவில் நறுக்கி, கரிக்கட்டியில் குழி பறித்து, ஒரு சிட்டிகை வெங்காரம் போட்டு ஊதினால் வெள்ளி தானாகவே உருண்டு முத்தாக நிற்கும். ஆறவிட்டு அந்த முத்தைத் தட்டித் தட்டி 15 மில்லிமீட்டர் வில்லையாக்க வேண்டும், இரண்டு மில்லிமீட்டர் கனம். முதல் நாலு வில்லையும் ஓரத்தில் விரிசல் விட்டன. "சூடு காட்டாம தட்டுனா கோவிச்சுக்குமுங்க தம்பி" என்றார். அடிபட அடிபட வெள்ளி இறுகும், இடையிடையே மங்கிய சிவப்புக்குக் காய்ச்சி இளக்காவிட்டால் பிளக்கும். பழைய காசுகளின் ஓரங்களில் பார்க்கிற விரிசலெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, யாரோ அவசரத்தில் இருந்திருக்கிறான்.

எடை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வந்தது: 3.92, 3.71, 3.84, 3.66. ரோமானியர்கள் ஒவ்வொரு காசையும் தராசில் வைத்து அரத்தால் ராவிச் சரிசெய்யவில்லை, ஒரு ராத்தல் வெள்ளிக்கு இத்தனை காசு என்பதுதான் கணக்கு. அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தில் ராத்தலுக்கு 84. மொத்தம் சரியாக இருந்தால் போதும், ஒன்று ஏறும் ஒன்று இறங்கும். என் பத்து வில்லையையும் சேர்த்து நிறுத்தால் சராசரி 3.79 வந்தது. கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடிக்கும் நாள். இரண்டு பேர் வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. கி.மு. 46இல் கரிசியுஸ் என்ற கம்பட்ட அதிகாரி அடித்த ஒரு டெனாரியஸில் ஒரு பக்கம் மொனெத்தா தெய்வத்தின் தலை, மறுபக்கம் பட்டறைக்கல், இடுக்கி, சுத்தியல் என்று காசு அடிக்கும் கருவிகளே இருக்கும். ரோமில் கம்பட்டம் ஜூனோ மொனெத்தா கோயிலை ஒட்டி இருந்தது, ஆங்கிலத்தில் பணத்துக்கு இருக்கும் சொல்லே அங்கிருந்து வந்ததுதான். அந்தக் காசை நான் செய்முறைக் கையேடாகவே எடுத்துக்கொண்டேன். கையேட்டில் இடுக்கி இருந்தது, எத்தனை கை வேண்டும் என்பது இல்லை. என் தம்பி இடுக்கியில் வில்லையைக் காய்ச்சி எடுத்து வைக்க, நான் இடது கையில் மேல் அச்சைப் பிடித்து வலது கையில் இரண்டு கிலோ சுத்தியலால் அடிக்க என்று ஏற்பாடு.

முதல் காசு இரட்டை மூக்கு, சொல்லிவிட்டேன். இரண்டாவதைப் பயந்து மெதுவாக அடித்தேன். முகம் ஆவி மாதிரி வந்தது, காதே இல்லை. மூன்றாவது அச்சுக்கு வெளியே பாதி தொங்கி, திபேரியஸுக்குப் பின்மண்டை இல்லாமல் விழுந்தது. நாலாவதும் ஐந்தாவதும் பரவாயில்லை. ஆறாவது அடித்தவுடன் சத்தத்திலேயே தெரிந்தது. எங்கள் பட்டறையிலும் சரியான அடிக்கு ஒரு சத்தம் உண்டு, மந்தமாக, எதிரொலி இல்லாமல் இருக்கும். எடுத்துப் பார்த்தால் முகம் முழுசாக, மாலையின் நாடா வரை, கீழே 'ந' உட்பட. பின்பக்கம் திருப்பினால் லிவியாவுக்கு மடியே இல்லை, தட்டை.

அச்சில் தப்பு இல்லை. முன்பக்கம் கன்னக்குழி ஆழமாக இருப்பதால் வெள்ளி முதலில் அங்கே ஓடுகிறது, அதற்கு நேர் எதிரே பின்பக்கத்தில் நிரம்ப மிச்சம் இல்லை. அசல் காசுகளின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் ஒல்லியாக, மேடு குறைவாக, சுற்றிலும் காலியிடம் விட்டு இருப்பதன் அர்த்தம் புரிந்தது. பின்பக்கத்தில் தடித்த உருவம் வைத்தால் அரசன் கன்னம் குழிந்துபோகும். என் பெண்ணை நான் கொஞ்சம் குண்டாக வெட்டியிருக்கிறேன், அவ்வளவுதான் விஷயம். அரசியலில் யார் பெரியவர் என்பது இருக்கட்டும், வெள்ளி எவ்வளவு ஓடும் என்பதும் அந்தப் படத்தைத் தீர்மானித்திருக்கிறது.

பதினொன்றாவது அடியில் மேல் அச்சின் ஓரம் தெறித்தது. சுத்தியல் கொஞ்சம் சாய்ந்துவிட்டது, என் தப்பு. நல்லவேளை கண்ணாடி போட்டிருந்தேன். நீங்களும் போடுங்கள்.

இனி கலப்படம். நீரோ கி.பி. 64இல் எடையைக் குறைத்து ராத்தலுக்கு 96 காசு ஆக்கினான், வெள்ளியின் மாற்றும் இறங்கியது. அதன்பிறகு சில ஏற்ற இறக்கங்களுடன் சரிந்துகொண்டே போய், செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் டெனாரியஸில் கிட்டத்தட்டப் பாதிதான் வெள்ளி. அவன் மகன் கராகல்லா 215இல் கதிர்க்கிரீடம் வைத்த தலையோடு ஒரு பெரிய காசு விட்டான். ஒன்றரைக் காசு எடை, இரண்டு காசு மதிப்பு என்பது பொதுவான கருத்து. கிரீடத்தில் கதிர் இருந்தால் இரட்டை என்று மக்கள் படத்தைப் பார்த்து நம்ப வேண்டும். 260களின் கடைசியில் அந்தக் கதிர்க்கிரீடக் காசில் ஐந்து விழுக்காடு வெள்ளிகூட இல்லை. இங்கேதான் என் பழைய கேள்விக்குப் பதில்: வெள்ளியை வெள்ளியாக நிறுத்து வாங்கிய கொங்குநாட்டு வியாபாரிக்கு நீரோவுக்குப் பிந்திய காசு வேண்டியிருந்திருக்காது. ஜெர்மானியரும் இப்படித்தான், ஓரம் பல்வெட்டிய பழைய காசைத்தான் கேட்டு வாங்குவார்கள் என்று ரோம வரலாற்றாசிரியன் டாசிட்டஸ் எழுதியிருக்கிறான்.

ஆனால் பாதிச் செம்பு கலந்த காசு செம்பாகத் தெரியவேண்டுமே, ரோமில் எப்படி ஓடியது? இதைக் கையால் செய்து பார்த்தால்தான் நம்ப முடியும். இரண்டு கிராம் வெள்ளி, இரண்டு கிராம் செம்பு உருக்கினோம். முத்து வெளிறிய இளஞ்சிவப்பு. முதல் வில்லையைக் காய்ச்சும்போது கவனிக்காமல் விட்டதில் கரியிலேயே சரிந்து குழைந்துவிட்டது. வெள்ளி தனியாக உருக 961 டிகிரி வேண்டும், செம்பு சேர்ந்துவிட்டால் 779இலேயே இளக ஆரம்பித்துவிடும், தெரிந்தும் கோட்டைவிட்டேன். இரண்டாவதை ஜாக்கிரதையாகக் காய்ச்சினோம். மேலே கறுத்தது, அது செம்பின் துரு. பெரியவர் உப்புப் போட்ட புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் போட்டார். கறுப்பு கரைந்து போயிற்று. மறுபடி காய்ச்சல், மறுபடி புளி. நாலாவது முறை எடுத்தபோது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. மேல்தோலில் இருந்த செம்பு முழுக்கத் துருவாகிக் கரைந்துவிட, மிஞ்சியது வெள்ளி மட்டும். சின்னச் சின்ன ஓட்டையோடு பஞ்சு மாதிரி இருக்கும் அந்தத் தோலை அச்சின் அடியே நசுக்கிப் பளபளப்பாக்கிவிடும். ரோமக் கம்பட்டங்களும் வில்லையை அடிப்பதற்கு முன் இப்படி வெளுத்துத்தான் அடித்தன என்று உலோக ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்கள் புளிக்கு எங்கே போனார்கள் என்று கேட்காதீர்கள், அங்கே வேறு புளிப்பு இருந்திருக்கும்.

அதே திபேரியஸ் அச்சில்தான் அடித்தேன், செவெரஸுக்குத் தாடி வெட்ட எனக்கு இன்னும் இரண்டு மாதம் வேண்டும். கலப்பட வில்லை கெட்டியானது, இரண்டு அடி போட வேண்டியிருந்தது, இந்தமுறை நகரவில்லை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தூய வெள்ளிக் காசையும் இதையும் பக்கத்தில் வைத்தேன். தம்பியால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் கலப்படக் காசில்தான் மூக்கு கூர்மையாக விழுந்திருந்தது.

இரண்டையும் பெரியவர் கையில் கொடுத்தேன். முதலில் முகத்தைத்தான் பார்த்தார்.

"இந்த மூஞ்சி யாருதுங்க தம்பி?"

"ரோம ராஜாங்கண்ணா, ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி."

"நம்மூருக்கு வந்தாருங்களா?"

"அவர் வரலைங்கண்ணா, காசுதான் வந்துச்சு."

புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்ததையும், அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு இருந்ததையும், ஏன் வெட்டினார்கள் என்று ஆய்வாளர்கள் ஆளுக்கொன்று சொல்வதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாதிதான் கேட்டார். கலப்படக் காசைக் கல்லில் ஒருமுறை சுண்டிச் சத்தம் கேட்டார், புருவம் சுருங்கியது. உளியை எடுத்து ஓரத்தில் ஒரு தட்டு. உள்ளே செம்மை.

"பாதி தேறுமுங்க" என்றார்.

அடுத்து மற்றதை எடுத்தார். நான் கை நீட்டுவதற்குள் ஓரத்திலிருந்து கன்னம் வரை குறுக்காக ஒரு வெட்டு விழுந்துவிட்டது. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளேயும் வெள்ளை.

"இது சரிங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, பாதியில் விட்ட கொலுசுக்குப் போய்விட்டார்.